மாடியில் ஒரு லேப்

எங்கள் ஊரில் சிடி டிரைவ் ஒரு வருடம் உழைத்தால் பெரிய விஷயம். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கும் தொழிற்பேட்டைக்கு எதிரே ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப்பைப் பார்த்துக்கொண்டவள் நான். காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். டிரைவைக் கழற்றினால் உள்ளே இருக்கும் சின்னக் கண்ணாடி வில்லையின் மேல் கோலமாவு தூவினது போல வெள்ளையாக இருக்கும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒற்றி எடுத்தால் ஒரு வாரம் ஓடும். பிறகு பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

இந்தத் தூசிக்குப் பயந்துதான் எங்கள் தாளாளர் லேப்பை மாடியில் வைத்தார். தரையோடு இருந்தால் தூசி ஏறும், மாடிக்கு வராது என்பது அவர் கணக்கு. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்வார். தூசிக்குப் படி ஏறத் தெரியாது என்று அவருக்கு யார் சொன்னார்களோ. படிக்கட்டுக்குக் கீழேயே எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். அது தாளாளருக்கும் பொருந்தும். வெயில் நாளில் பையன்கள் சுடுகிற படியில் துள்ளித் துள்ளி ஏறுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

என் வீட்டுக்காரருக்கு அந்தப் பேட்டையில்தான் வேலை. அவர் சொந்த ஊர் கம்மாபுரம் பக்கம். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போன பிறகு இங்கே வந்து, கடைசியில் ஒரு பீங்கான் கம்பெனியில் பால்மில்லில் சேர்ந்தார். பால்மில் என்பது பெரிய இரும்பு உருளை. வெள்ளைக் கல்லை உடைத்து, கூழாங்கல்லோடு சேர்த்து உள்ளே போட்டுச் சுற்றவிட்டால் அது மாவாகும். ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, பொம்மை எல்லாம் அந்த மாவில் பிறந்தவைதான். மூட்டையைப் பிரித்துக் கொட்டுவதும், அரைத்ததை அள்ளுவதும், கூடத்தைப் பெருக்குவதும் அவர் வேலை. சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே சட்டையை உதறச் சொல்வேன். அவர் உதறினால் தெருநாய் தும்மும். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் என்பதால் எங்கள் சிரிப்பும் சண்டையும் எங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு சித்திரை மாதத்தில் தாளாளர் சென்னையில் எந்தக் கம்பெனியோ கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்களை மொத்தமாக வாங்கி டெம்போவில் ஏற்றி வந்துவிட்டார். இறக்க ஆள் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு அன்று வார லீவு. நான் கூப்பிடாமலே வந்தார். அந்தக் காலத்து மானிட்டர் ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம். தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று தூக்கிக்கொண்டு படியில் ஓடினார்.

"மேடம், இத எங்க வெக்கணும் மேடம்?" என்று பையன்களுக்கு முன்னால் பணிவாகக் கேட்பார். என்னால் சிரிக்கவும் முடியவில்லை, முறைக்கவும் முடியவில்லை. கடைசி மானிட்டரை இறக்கி வைத்துவிட்டு மேல்படியில் உட்கார்ந்து வெகுநேரம் இருமினார்.

"பொட்டியில ஒரே தூசி, வேறொண்ணுமில்ல" என்றார். நானும் நம்பினேன்.

வந்த கம்ப்யூட்டர்களில் ஹார்ட் டிஸ்க் காலியாக இருந்தது. விற்றவர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாக ஏற்ற வேண்டும், அதற்கு சிடி டிரைவ் வேண்டும். இருந்த டிரைவ்களில் பாதி வரும்போதே செத்திருந்தன. மீதியில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் எங்கள் ஊர்க் காற்று ஆனி முடிவதற்குள் பார்த்துக்கொண்டது. புது டிரைவ் கேட்டதற்குத் தாளாளர், "இப்பதான் மெஷின் வாங்கினேன், அதுக்குள்ள மறுபடியும் வாங்கச் சொல்றியேம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூஜை விடுமுறை முடிந்ததும் ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. லேப் ஓடாவிட்டால் கம்ப்யூட்டர் பிரிவுக்கே அனுமதி கிடைக்காது. அப்போதும் நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. கல்லூரி அவருடையது, கவலையும் அவருடையது என்றிருந்தேன்.

வீட்டில் இருமல் நிற்கவில்லை. உள்ளூர் ஆஸ்பத்திரியில் காசநோய் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள், ஒரு வேளை விடாமல் விழுங்கினார். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. மறுபடி போனால் மறுபடி மாத்திரை. ஆடியில் நான் அடம்பிடித்துப் பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்த டாக்டர், நோயைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"இன்னா வேலை பாக்கறீங்க?" என்றார்.

"பீங்கான் கம்பெனிங்க. பால்மில்லு."

டாக்டர் பேனாவை மூடினார். "கல்லுத் தூசிங்க. நுரையீரல் பூரா படிஞ்சிருக்குது."

நான் முந்திக்கொண்டு, "அதச் சுத்தம் பண்ண முடியாதுங்களா டாக்டர்?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் எனக்குப் பஞ்சும் ஸ்பிரிட்டும்தான் ஞாபகம் வந்தது. அவர் என்னை ஒரு மாதிரி இரக்கமாகப் பார்த்தார்.

"உள்ள போனத எடுக்க முடியாதும்மா. இனிமே போவாம பாத்துக்கலாம், அவ்ளோதான். அந்த வேலைய நாளைக்கே நிறுத்திடுங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் இவர் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். பாதி வழி தாண்டினதும் என் பக்கம் திரும்பினார். "நின்னுட்டு இன்னா பண்றது? நெலமும் இல்ல. உன் சம்பளத்துல உக்காந்து துன்னச் சொல்றியா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உயிரைவிடவா இந்த ரோஷம் பெரிது? பஸ்ஸில் ஆட்கள் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். ஆனால் அவரை எனக்குத் தெரியும். வேறொரு வேலையைக் கையில் கொடுக்காமல் இந்த வேலையைப் பிடுங்க முடியாது. அப்போதுதான் லேப் அட்டெண்டர் ஞாபகம் வந்தான். எங்கள் அட்டெண்டர் வைகாசியிலேயே திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். அந்த இடம் காலியாகத்தான் கிடந்தது. லேப்பைத் திறப்பது, மெஷின்களைப் போடுவது, பெருக்குவது, பையன்கள் செருப்போடு ஏறாமல் பார்த்துக்கொள்வது. ஏசி அறை வேறு. மறுநாளே தாளாளரிடம் போய் நின்றேன்.

அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. கேட்டுக்கொண்டார். பிறகு, "லேப்பு ஓடினாதானம்மா அட்டெண்டரு? லேப்ப நீ ஓட வெச்சிக் காட்டு, உன் வூட்டுக்காரர நான் எடுத்துக்கறேன்" என்றார்.

அன்றிலிருந்து அந்த லேப் என் கவலையாகிவிட்டது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. வேலை முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்து தேடினேன். சிடி டிரைவே இல்லாமல் நெட்வொர்க் கேபிள் வழியாக ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றலாம் என்று படித்தபோது முதலில் நம்பிக்கை வரவில்லை. விஷயம் இதுதான். ஒரு கம்ப்யூட்டரில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், போட்டவுடன் அது கேபிளில் ஒரு குரல் கொடுக்கும்: நான் யார், எனக்கு ஏதாவது வைத்திருப்பவர் யார் என்று. அதற்குப் பதில் சொல்ல ஒரு சர்வர் இருந்தால் போதும். முதலில் ஒரு முகவரி கொடுக்கும். அடுத்து ஒரு சின்ன ஃபைலைக் கொடுக்கும். அந்த ஃபைலைப் பிடித்துக்கொண்டு அந்த மெஷின் மீதி எல்லாவற்றையும் சர்வரிலிருந்து தானே இழுத்துக்கொள்ளும். தாள் தாளாக அச்செடுத்து வந்து அடுப்படியில் வைத்துப் படித்தேன். இவர் எட்டிப் பார்த்து, "இன்னா, மறுபடியும் பரீச்சையா?" என்பார். உங்களுக்குத்தான் பரீச்சை என்று சொல்ல வாய் வரும், விழுங்கிவிடுவேன்.

இருந்ததில் நல்ல மெஷின் ஒன்றை சர்வராக ஒதுக்கினேன். உயிரோடிருந்த ஒரே டிரைவைத் துடைத்துத் துடைத்து, லினக்ஸ் சிடிக்களை அதில் காப்பி செய்தேன். மூன்றாவது சிடி பாதியில் நின்று நின்று என் பிராணனை வாங்கியது. ஏற்றும்போது அது கேட்கும் எந்த மொழி, எந்த நேரம், டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது என்கிற கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதிய ஃபைல் ஒன்றையும் வைத்தேன். இல்லாவிட்டால் ஒவ்வொரு மெஷினுக்கும் முன்னால் போய் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு மெஷினை நேராக சர்வரோடு கோர்த்துப் பார்த்தபோது உடனே வேலை செய்தது. துள்ளிக் குதிக்காத குறை. ஆனால் லேப் கேபிள் முழுவதையும் சேர்த்ததும் ஒன்றும் நடக்கவில்லை. மெஷின்களுக்கு முகவரி கிடைக்கும். அடுத்த வரியில், ஃபைல் இல்லை என்று நின்றுவிடும். இப்படியே பல நாள் போனது. எழுதியதையே திருத்தித் திருத்தி எழுதினேன். வீட்டுக்குப் போனால் அவர் இருமும் சத்தம், லேப்புக்கு வந்தால் அந்த ஒரு வரி. ஆவணி கழிந்து புரட்டாசி பிறந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் அவர் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் உள்ளே போகிறது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

கடைசியில் கண்டுபிடித்தேன். கீழே ஆபீஸில் அந்த வருடம்தான் பிராட்பேண்ட் போட்டிருந்தார்கள். அதன் மோடம் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் எனக்குத் தெரியாமலே மாடிக்கு வந்து, லேப் கேபிள்களெல்லாம் கூடும் எங்கள் சுவிட்சில் சொருகியிருந்தது. எங்கள் மெஷின் குரல் கொடுத்ததும் என் சர்வரை முந்திக்கொண்டு அந்தப் பெட்டி பதில் சொல்லிவிடுகிறது. முகவரி கொடுக்க அதற்குத் தெரியும். அடுத்துக் கொடுக்க அதனிடம் ஒன்றும் கிடையாது. மெஷினும் முதலில் பதில் சொன்னவரை நம்பி அங்கேயே நின்றுவிடுகிறது. எங்கள் உள்ளூர் ஆஸ்பத்திரியும் எங்களுக்கு அதைத்தான் செய்தது. முதலில் பதில் சொன்னார்கள், நாங்கள் நம்பி மாத்திரையை விழுங்கிக்கொண்டே அங்கே நின்றுவிட்டோம்.

அந்தக் கேபிளை வேரோடு பிடுங்குவது போலப் பிடுங்கினேன். கீழே இருந்து ஆபீஸ் கிளார்க் ஓடிவந்து, "இன்னா மேடம், நெட்டு போயிடுச்சு" என்றார். நான் இழுத்த இழுப்பில் கீழே அந்த மோடம் பெட்டியே விழுந்திருக்க வேண்டும். "போனா போவட்டும்" என்றேன். பாவம், ஒன்றும் புரியாமல் இறங்கிப் போனார். நான் ஒரு வரிசை மெஷின்களைப் போட்டேன். கறுப்புத் திரையில் முகவரி வந்தது, ஃபைல் வந்தது, அதன் பின்னால் வெள்ளை எழுத்து கடகடவென்று ஓட ஆரம்பித்தது. இனிமேல் அவர் மில்லுக்குப் போக வேண்டாம் என்ற நிம்மதியில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

தாளாளர் வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். "விஜயதசமி அன்னிக்குத் தேங்கா ஒடைச்சி, எல்லா மெஷினையும் ஒண்ணாப் போட்டு ஆரம்பிச்சிடுவோம். அன்னிக்கே அவரும் வந்து சேரட்டும், நல்ல நாளு" என்றார். வீட்டுக்குப் போனதும் சொன்னேன். இவர் முகம் மலர்ந்தது. "அப்ப இனிமே வூட்லயும் மேடந்தானா?" என்று கேட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, "பூசை வேலைய முடிச்சிட்டு நின்னுக்கறேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பூஜை வேலை என்றால் என்னவென்று பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆயுத பூஜைக்கு முதல்நாள் மில் கூடத்தைச் சுத்தம் செய்வார்கள். வருடம் முழுக்க உத்தரத்திலும் தகரக் கூரையிலும் மெஷின் இடுக்கிலும் படிந்த பவுடர் அத்தனையையும் நீளத் துடைப்பத்தால் அடித்து, காற்றுக் குழாய் வைத்து ஊதி இறக்குவார்கள். சாமி காரியம் என்பதால் ஒரு மூலையை விடமாட்டார்கள். பிறகு மில்லைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவார்கள். ஒரு வருடத்துத் தூசியை ஒரே நாளில் முழுங்குகிற வேலை அது. அதைப் பக்தியோடு வேறு செய்வார்கள்.

"டாக்டரு இன்னா சொன்னாரு? நாளைக்கே நிறுத்தச் சொன்னாரா இல்லியா?"

"ஒரு நாளுதான புள்ள. துண்டு கட்டிக்கறேன்."

"வேற ஆளே இல்லியா அந்தக் கம்பெனில?"

"என் மில்ல வேற ஒருத்தன் தொடைக்கறதா? சோறு போட்ட மெஷினு. அதத் தொடைச்சிப் பொட்டு வெக்காம வந்தா நல்லாவா இருக்குது?"

"அந்த மெஷினுதான் உங்களத் துன்னுது! அதுக்கு மாலை வேறயா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். அவர் எழுந்துபோய் ஒரு துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டார். முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

சுத்தம் செய்யும் நாள் காலையில் அவர் செருப்பை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். சின்னப்பிள்ளைத்தனம்தான். வேறு என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வாசலில் கொஞ்ச நேரம் தேடினார். என்னைப் பார்த்தார். வெறுங்காலோடு சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

சாயந்திரம் வந்து நின்றபோது கண் இரண்டைத் தவிர எல்லாம் வெள்ளை. இமை முடிகூட வெள்ளை. கையில் ஒரு பொட்டலம் பொரிகடலையும் இரண்டு வாழைப்பழமும். முதலாளி முன்கூட்டியே கொடுத்தாராம். "புதுசு மாரி ஆக்கிட்டேன் புள்ள" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. அந்தப் பொரியை நான் தொடவில்லை. அவரே கொஞ்சம் கொஞ்சமாக அள்ளித் தின்றார், நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு. அதற்குப் பிறகு அவரால் படுக்க முடியவில்லை. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியேதான் தூக்கம்.

அந்த ஒரு நாளால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டரும் சொல்லவில்லை. அதற்கு முன் எத்தனையோ நாள் இருந்தது. ஆனால் அந்த ஒரு நாளை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அவர் அந்தப் பொங்கலைப் பார்க்கவில்லை. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. விஜயதசமி காலையை மட்டும் எழுதிவிடுகிறேன்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். நான் செருப்பை எடுத்துக் கொண்டுவந்து வைத்தபோது, "டிரம்முக்குப் பின்னாடிதான? தெரியும்" என்றார். ஆட்டோவில் போனோம். மேலே தாளாளரும் வாத்தியார்களும் காத்திருந்தார்கள். சாம்பிராணி வாசனை கீழே வரைக்கும் வந்தது. படிக்கட்டுக்குக் கீழே இவர் ஒழுங்காகச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார். கொஞ்சம்தான் ஏறியிருப்பார், நின்றுவிட்டார். நெஞ்சு மேலும் கீழுமாக அடித்துக்கொண்டது. உதடு நீலமாக இருந்தது. மெதுவாக அந்தப் படியிலேயே உட்கார்ந்தார்.

சித்திரையில் மானிட்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடின படி அது.

மேலே இருந்து தாளாளர், "ஏம்மா, நேரம் ஆவுது" என்று குரல் கொடுத்தார். நான் இவர் பக்கத்தில் உட்காரப் போனேன். கையை ஆட்டித் தடுத்தார்.

"நீ போ. மெஷினப் போடு. நான் பின்னாலயே வரேன்."

போனேன். தேங்காய் உடைத்தார்கள். நான் ஒவ்வொரு வரிசையாகப் போட்டுக்கொண்டே போனேன். லேப் முழுக்க எல்லாத் திரையிலும் முகவரி வந்தது, ஃபைல் வந்தது, எழுத்து ஓடியது. ஒன்றுகூட நிற்கவில்லை. வாத்தியார்கள் கை தட்டினார்கள். இத்தனை மெஷினுக்கும் ஆள் போய் உட்காராமல், கை படாமல், கேபிள் வழியாகவே எல்லாம் கொண்டுவந்துவிட்டேன். ஒரு மனுஷனை ஒரு மாடி ஏற்ற எனக்கு வழி தெரியவில்லை. அங்கேயே ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. தாளாளர் கதவைப் பார்த்து, "எங்கம்மா உன் வூட்டுக்காரரு, இன்னும் காணோம்?" என்றார்.

"கீழ ஏதாவது வேலை இருந்தா குடுங்க சார்" என்றேன்.

அவர் வெளியே வந்து, கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தார். "உடம்பு தேறினதும் வரச் சொல்லும்மா" என்று சன்னமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் இறங்கி வந்தேன். அதே படியில்தான் இருந்தார், இரண்டு கையாலும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு. என் காலடி கேட்டுத் தலையைத் தூக்கினார்.

"எல்லாம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சுங்க. எல்லாமே வந்துடுச்சு."

"அப்ப சரி." மூச்சு வாங்கினார். "வா, வூட்டுக்குப் போவலாம் மேடம்."

நான் அவருக்கு முன்னால் இறங்கிப் போய், அவர் காலை நுழைக்கத் தோதாகச் செருப்பைத் திருப்பிப் போட்டேன்.